டிராக்டர் கைமாறும்போது பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றும் முறை

மாட்டுச் சந்தையில் வியாபாரம் முடிகிற விதத்தைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். துண்டின் மறைவில் விரலைப் பற்றி விலை பேசி முடித்த பின்னர், விற்பவர் மாட்டின் கயிற்றை வாங்குபவர் கையிற் கொடுத்து விடுகிறார். அக்கணமே மாடு கைமாறி விடுகிறது. பின்னர் அது யார் கொல்லையிற் புகுந்து பயிரை மேய்ந்தாலும், பழைய உடையவரைத் தேடி எவரும் வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக இவ்வழக்கத்திற் பழகிய நம் குடியானவர்கள் டிராக்டரையும் அவ்வாறே விற்கவும் வாங்கவும் தலைப்பட்டுள்ளனர். சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டவுடன் காரியம் முடிந்தது என்று எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. இதனால் நேரும் கெடுதி சிறிதன்று என்பதையும், அதைத் தவிர்க்கும் வழி மிக எளிது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நிகழ்ச்சி

எமது வட்டாரத்தில் பத்து ஏக்கர் நஞ்சை உடைய விவசாயி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர், தம்மிடமிருந்த பழைய டிராக்டரை விற்றுப் புதியது ஒன்று வாங்க விரும்பி என்னிடம் யோசனை கேட்டார். அவர் நிலத்தின் மண்ணுக்கும், அவரிடம் இருந்த கலப்பை, சுழற்கலப்பை ஆகியவற்றுக்கும் எத்தனை குதிரைத்திறன் உடைய வண்டி ஏற்றது என்பதை நான் அரை நாள் இருந்து விவரமாகச் சொன்னேன். பழைய வண்டியின் பதிவுப் புத்தகம் என்னவாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டேனில்லை. அவரோ அதைத் தரகர் ஒருவரிடம் விற்று, தரகர் நீட்டிய படிவங்களில் எழுத்து ஒன்றும் நிரப்பாமலே கையொப்பம் இட்டுக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் யார், அவர் ஊர் எது என்பதும் அவருக்குத் தெரியாது.

ஓராண்டு கழிந்து ஒரு நாள் அவர் வீட்டுக்கு நீதிமன்ற அறிவிப்பு வந்தது. அவ்வண்டி வேறொரு தாலுகாவில் சைக்கிளிற் சென்ற ஒருவர் மீது மோதி அவர் இறந்துபோனார் என்றும், நஷ்டஈடு கோரும் மனுவில் வண்டியின் உடைமையாளர் என்ற முறையில் இவர் எதிர்மனுதாரராகச் சேர்க்கப்பட்டுள்ளார் என்றும் அதில் கண்டிருந்தது. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் காலாவதியாகியிருந்தது. “நான் விற்று ஓராண்டு ஆயிற்றே!” என்று அவர் சொன்னது உண்மையே. ஆயினும் அதைக் காட்டுதற்கு அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. வழக்கு முடியும் முன்னரே அவர் ஓர் ஏக்கரை ஈடு வைக்க நேர்ந்தது. இன்னொரு குடும்பத்துக்கு இவ்வாறு நேராதிருக்க வேண்டும் என்னும் கவலையே இதை எழுதத் தூண்டிற்று.

உடைமையாளர் யார்?

டிராக்டர் ஓர் அசையும் பொருள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பவரும் வாங்குபவரும் தம்முள் ஒப்பி, வண்டியைக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டால், அவ்விருவரிடையே விற்பனை செல்லும். ஆனால் மூன்றாமவர் ஒருவருக்குத் தீங்கு நேரும்போது நிலைமை வேறு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், யாருடைய பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரையே உடைமையாளர் என்று கூறுகிறது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், வண்டியொன்று பல கைகள் மாறியும் பதிவில் முதலாமவர் பெயரே நின்றது. விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு போக வேண்டும் என்பது நியாயமன்று என்றும், பதிவில் பெயருள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்றும் அந்நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே, வண்டி எங்கே நிற்கிறது என்பதன்று கேள்வி. பெயர் எங்கே நிற்கிறது என்பதே கேள்வி.

இதை நிலத்தோடு ஒப்பிட்டு அறியலாம். கிரயப் பத்திரம் எழுதிப் பதிந்த பின்னரும் பட்டா மாறாதிருந்தால் எத்தனை தொல்லை விளைகிறது என்பது நம்மவர்க்குத் தெரியும். வண்டிக்கு இப்பெயர் மாற்றமே பட்டா மாறுதல் போன்றது என்று கொள்க.

விற்பவர் செய்ய வேண்டியவை

விற்பவர் 29-ஆம் எண் படிவத்தில் தாம் வண்டியை இன்னாருக்கு இன்ன தேதியில் மாற்றிக் கொடுத்ததாக எழுதி, விற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள், பெயர் மாற்றம் நடைபெற வேண்டிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். அதன் படியொன்றை வாங்கியவருக்கும் கொடுத்தல் வேண்டும். இப்படிவத்தை இரண்டு படிகளாக எழுதி, அலுவலகக் குறிப்புடன் திரும்பி வரும் படியைத் தம் வீட்டுப் பத்திரப் பெட்டியில் வைத்துக் காப்பது விற்பவருக்கு அரண் ஆகும். மேலும் 30-ஆம் எண் படிவத்தின் முதற் பகுதி விற்பவருக்கு உரியது. அதையும் முழுமையாக நிரப்பிய பின்னரே கையொப்பம் இடுக.

வெற்றுப் படிவத்திற் கையொப்பம் இடுதல், வெற்றுக் காகிதத்தில் கடன் பத்திரம் எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். தரகர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அவர் அப்படிவத்தை மற்றொருவரிடம் கொடுக்க, அவர் இன்னொருவரிடம் கொடுக்க, கடைசியில் வண்டியை ஓட்டுபவர் யார் என்பது எவருக்கும் தெரியாமற் போகும். பெயரோ உம்முடையதாகவே நிற்கும். “எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்பது பழமொழி. எழுதாத விற்பனைக்கும் அது பொருந்தும்.

விற்ற நாள், நேரம், விலை, வண்டியின் பதிவு எண், இஞ்சின் எண், சேஸிஸ் எண், இருவர் முகவரி ஆகியவற்றைக் கண்டு, இரு சாட்சிகளோடு ஒரு விற்பனைச் சீட்டு எழுதி வைத்துக்கொள்வதும், வாங்குபவரின் அடையாளச் சான்றின் நகல் ஒன்றைப் பெற்று வைப்பதும் நலம். இச்சீட்டு பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. அதற்குத் துணையே ஆகும்.

வாங்குபவர் செய்ய வேண்டியவை

வாங்கியவர் 30 நாட்களுக்குள், தாம் வசிக்கும் இடத்துக்கு, அல்லது வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் தம் தொழிலிடத்துக்கு உரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், 30-ஆம் எண் படிவத்தின் இரண்டாம் பகுதியை நிரப்பி மனுச் செய்துகொள்ள வேண்டும். அதனுடன் பதிவுச் சான்று, விற்றவர் தந்த 29-ஆம் எண் படிவத்தின் படி, நடப்பு இன்ஷூரன்ஸ் சான்று, முகவரிச் சான்று, உரிய கட்டணம் ஆகியவை வேண்டும். இக்காலத்தில் மனுவைப் பரிவாகன் என்னும் சர்க்கார் இணையத் தளத்திற் பதிந்து கட்டணத்தையும் அங்கேயே செலுத்தலாம். அதற்கு உதவி வேண்டுவோர் படித்த பிள்ளைகளைத் துணைக்கு வைத்துக்கொள்க.

நாட்கணக்கை ஓர் உதாரணத்தால் தெளிவாக்குவோம். ஜனவரி 15-ஆம் தேதி வண்டி கைமாறியதாகக் கொள்வோம். விற்றவர் ஜனவரி 29-ஆம் தேதிக்குள் அறிவித்தல் வேண்டும். வாங்கியவர் பிப்ரவரி 14-ஆம் தேதிக்குள் மனுச் செய்தல் வேண்டும். “அறுவடை முடியட்டும், பார்க்கலாம்” என்று தள்ளி வைப்பின், அடுத்த அறுவடையும் வந்து விடும்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். அதுபோன்றே டிராக்டருக்கும் இஞ்சினையும் டயரையும் பார்ப்பதோடு அமையாமல் கீழ்க்கண்டவற்றையும் பார்த்தல் வேண்டும்.

1. புத்தகத்திற் கண்ட இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியிற் பொறித்துள்ள எண்களும் ஒன்றாக உள்ளனவா? எண் பொறித்த இடத்தில் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துக்கள் தெளிவாகத் தெரியும். எண் அரத்தால் தேய்க்கப்பட்டிருப்பின் அவ்வண்டியைத் தொட வேண்டாம்.

2. விற்க வந்தவரும் புத்தகத்திற் பெயருள்ளவரும் ஒருவரேயா? வேறாயின், பெயருள்ளவரை நேரிற் காணாமல் முன்பணம் கொடுத்தல் கூடாது.

3. பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா? சட்டப்படி விவசாய டிராக்டர் போக்குவரத்து வண்டி வகையைச் சேர்ந்ததன்று. ஆகையால் அதன் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின்னர் 25-ஆம் எண் படிவத்தில் மனுச் செய்து, வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பதினான்கு ஆண்டு சென்ற வண்டியை வாங்குவோர் இச்செலவையும் விலையிற் கழித்துக் கணக்கிடுக.

4. வரியோ அபராதமோ பாக்கி உள்ளதா?

5. டிரெயிலரும் சேர்த்து விலைபேசப்பட்டதா? சட்டத்தின் பார்வையில் டிரெயிலர் தனி வண்டி. அதற்குத் தனிப் பதிவு உண்டு. டிராக்டரின் பெயர் மாற்றத்தால் டிரெயிலரின் பெயர் தானே மாறிவிடாது. இரண்டுக்கும் தனித்தனியே மனுச் செய்தல் வேண்டும்.

6. சர்க்கார் மானியத்தில் வாங்கிய வண்டியா? ஆயின், மானிய உத்தரவில் விற்பனையைக் குறித்து நிபந்தனை ஏதும் உண்டா என்பதைப் படித்துப் பார்த்த பின்னரே விலைபேசுக.

கடன் உள்ள வண்டி

பெரும்பாலான டிராக்டர்கள் கூட்டுறவுச் சங்கம், பாங்கு அல்லது கடன் கம்பெனியின் பணத்தில் வாங்கப்படுகின்றன. அப்போது பதிவுச் சான்றில் கடன் கொடுத்தவர் பெயரும் ஈட்டுக் குறிப்பாக எழுதப்படும். அக்குறிப்பு நிற்கும் வரையில், கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றிப் பெயர் மாற்றம் செய்யச் சட்டம் இடங்கொடாது.

இங்கே நம்மவர் அடிக்கடி செய்யும் தவறு ஒன்றுண்டு. கடைசித் தவணையைக் கட்டி ரசீது பெற்றதோடு கடன் தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்து விடுகின்றனர். கடன் தீர்ந்தது மெய். புத்தகத்தில் குறிப்புத் தீரவில்லை. கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும், அவர் கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவமும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் கொடுத்தால்தான் குறிப்பு நீங்கும். இதை உடனே செய்து முடித்தல் வேண்டும். சில ஆண்டுகள் கழித்துப் போனால், அந்தக் கிளை வேறிடம் மாறியிருக்கும். அந்தக் கம்பெனி மற்றொன்றோடு இணைந்திருக்கும். கையொப்பமிட வேண்டியவரைத் தேடுவதே ஒரு வேலையாகி விடும்.

வேறு மாநிலத்து வண்டி

மலிவாகக் கிடைக்கிறது என்று அண்டை மாநிலங்களிலிருந்து பழைய டிராக்டர் வாங்குவோர் உண்டு. அவ்வாறு வாங்கும்போது, வண்டி பதிவான அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவத்தில் மனுச் செய்து, தடையில்லாச் சான்று பெற்றல் இன்றியமையாதது. விற்பவர் 45 நாட்களுக்குள் அச்சான்றை உரிய அலுவலகத்துக்குச் சேர்ப்பிக்க வேண்டும். வண்டி இம்மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருப்பதாயின், இங்கே புதிய பதிவு எண்ணும் பெறுதல் வேண்டும். சான்று இல்லாத வண்டி எத்தனை மலிவாயினும் விலை மிகுந்ததே.

இன்ஷூரன்ஸ்

பெயர் மாற்றத்தோடு இன்ஷூரன்ஸையும் மாற்ற வேண்டும் என்பதை மறத்தலாகாது. வண்டி கைமாறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் வாங்கியவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சான்றைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாமவருக்கு நேரும் நஷ்டத்தைப் பொறுத்தவரையில், நடப்பிலுள்ள பாதுகாப்பு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் கருதும். ஆனால் வண்டிக்கே நேரும் சேதத்துக்கும், அது களவுபோவதற்கும் இச்சலுகை இல்லை. பெயர் மாற்றாமலிருந்து வண்டி கவிழ்ந்து நொறுங்கினால், விற்றவருக்கு வண்டியில் உரிமை இல்லை. வாங்கியவர் பெயரில் பாலிசி இல்லை. ஆகவே கம்பெனி கைவிரித்து விடலாம்.

உடையவர் காலமானால்

குடும்பத் தலைவர் காலமான துக்கத்தில் வண்டியின் புத்தகத்தை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் பருவம் யாருக்காகவும் நிற்பதன்று. அவ்வண்டியே அக்குடும்பத்தின் ஏர். இதை உத்தேசித்தே சட்டத்தில் வழி வகுத்துள்ளனர். வண்டியைத் தம் வசம் பெற்ற வாரிசு, மரணம் நேர்ந்த 30 நாட்களுக்குள் அச்செய்தியையும் வண்டியைத் தாம் உபயோகிக்கப் போவதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதி அறிவித்தால், மூன்று மாதம் வரையில் தம் பெயரில் உள்ளதுபோலவே அதை ஓட்டலாம். அம்மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில், இறப்புச் சான்று, பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் சான்று ஆகியவற்றோடு மனுச் செய்தல் வேண்டும். வாரிசுகள் பலராயின், வாரிசுச் சான்றும், மற்றவர்கள் ஒருவர் பெயருக்கு மாற்றச் சம்மதித்து எழுதிய பத்திரமும் தேவைப்படும்.

கடிதம் எழுதாமையால், நடவுக் காலத்தில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, கூலி வண்டிக்குப் பணம் கொடுத்து உழுத அம்மையாரை நான் கண்டிருக்கிறேன். அவர் மகன்மார் இருவரும் ஒற்றுமையானவர்களே. அவர்களுக்கு இந்த 30 நாள் விஷயத்தை எடுத்துச் சொல்வார் ஒருவரும் இல்லை, அதுவே குறை.

2021-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட விதித் திருத்தத்தின்படி, உடைமையாளர் தம் காலத்திலேயே பதிவுச் சான்றில் நியமனதாரர் ஒருவர் பெயரைக் குறிக்கலாம். இவ்வாறு குறிப்பது பின்னர் பெயர் மாற்றத்தை எளிதாக்கும். புத்தகத்தை இன்றே எடுத்துப் பார்த்து, இக்குறிப்பு இல்லையாயின் மனையாளையோ மகனையோ மகளையோ நியமிக்க ஏற்பாடு செய்வது முன்யோசனை உடையோர் செயலாகும்.

புத்தகம் தொலைந்தால்

பதிவுச் சான்று தொலைந்தாலும், எரிந்தாலும், கறையானும் எலியும் அரித்தாலும் மாற்றுச் சான்று பெறலாம். தொலைந்ததாயின், தொலைந்த இடத்துக்கு உரிய போலீஸ் நிலையத்தில் முதலில் அறிவித்து அதற்குரிய சான்றைப் பெறுக. பின்னர் 26-ஆம் எண் படிவத்தில் எவ்வாறு தொலைந்தது அல்லது கெட்டது என்பதை உள்ளபடி எழுதிக் கட்டணத்தோடு மனுச் செய்க. வண்டி கடன் ஈட்டில் இருப்பின் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். கிழிந்ததாயின் கிழிந்த சான்றையே மனுவுடன் இணைக்க. மாற்றுச் சான்று வந்த பின்னர்ப் பழையது அகப்பட்டால் அதை அலுவலகத்தில் ஒப்படைத்து விடுக. ஒரு வண்டிக்கு இரண்டு சான்றுகள் இருப்பது மோசடிக்கு வாசல் திறந்து வைப்பதாகும்.

வீடு மாறினாலும் 30 நாட்களுக்குள் புதிய முகவரியை 33-ஆம் எண் படிவத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவிப்புக்கள் பழைய முகவரிக்குச் சென்று திரும்பிவிட்டால், நமக்குத் தெரியாமலே வழக்கு நடந்து முடிந்து விடலாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

வாரிசுச் சான்று தாசில்தாரால் அளிக்கப்படுவதாயினும், அதற்கு அடிப்படையான விசாரணை கிராம நிர்வாக அலுவலரிடமே தொடங்குகிறது. டிராக்டர் உள்ள வீட்டில் மரணம் நேர்ந்தால், மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மனத்திற் கொண்டு அவ்விசாரணையை விரைந்து முடிப்பின், அக்குடும்பத்துக்கு ஒரு போகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ஆவீர். கிராமத்தில் டிராக்டர் விற்பனை நடந்ததாகக் கேள்விப்படுமிடத்து, “29-ஆம் எண் படிவம் கொடுத்தாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பதும் பெரும் உபகாரமாகும்.

முடிவுரை

1939-ஆம் ஆண்டில் இந்நாடு முழுமைக்கும் விரிவான மோட்டார் வாகனச் சட்டம் ஏற்பட்டு, அதனிடத்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறியும், நம்மவர் மனத்தில் கயிற்றைக் கொடுத்தால் மாடு கைமாறும் என்னும் பழைய எண்ணம் மாறவில்லை. ஆகவே சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்லி முடிப்போம். விற்றவருக்கு 14 நாள். வாங்கியவருக்கு 30 நாள். இன்ஷூரன்ஸுக்கு 14 நாள். வாரிசு அறிவிக்க 30 நாள். மனுச் செய்ய மூன்று மாதம். வெற்றுப் படிவத்திற் கையொப்பம் எந்நாளும் இல்லை. பெயர் மாறிவிட்டதா என்பதை விற்றவர் ஒரு மாதம் கழித்துச் சர்க்கார் இணையத் தளத்திலோ அலுவலகத்திலோ பார்த்துத் தெளிந்த பின்னரே, அவ்வண்டியைப் பற்றிய கவலையை விடலாம்.

இக்கட்டுரையைப் படிப்போர், இன்று மாலையே தத்தம் வண்டியின் புத்தகத்தை வெளியே எடுத்து, அதில் யார் பெயர் உள்ளது, எந்தத் தேதி வரை செல்லும், கடன் குறிப்பு நீங்கியுள்ளதா என்னும் மூன்றையும் பார்ப்பாராக. கால் மணி நேர வேலை இது. ஓர் ஏக்கர் நஞ்சையைக் காக்கும் வேலையும் இதுவே.